சரசோட்டா ரிங்லிங் அருங்காட்சியகம்: மாளிகைக்கு முன்னால் ரயிலைப் பாருங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நம் ஊர்ப் பெற்றோரை, புளோரிடா என்றால் ஆர்லாண்டோவுக்குத்தான் வழக்கமாகக் கூட்டிப் போவார்கள். டாம்பாவில் இருக்கும் என் மகளிடம் நான் கேட்டது சரசோட்டா. தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே விரிகுடாவை ஒட்டி 66 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது ரிங்லிங் அருங்காட்சியகம். ஜான் ரிங்லிங் என்ற சர்க்கஸ் முதலாளி தன் மாளிகையையும், வாங்கிச் சேர்த்த ஓவியங்களையும், அவற்றுக்காகக் கட்டிய கூடத்தையும் மாநில மக்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன இடம். 2000 முதல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

நான் தெற்கு ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார்டு எனப்படும் தண்டவாளத் திடலில் நின்று சரக்கு ரேக்குகளை, அதாவது பெட்டித் தொடர்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி. அந்தக் கண்ணோடுதான் இந்த இடத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் இது முழுதாகப் புரியும் என்றும் நம்புகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நேராக மாளிகைக்குப் போகிறார்கள். படமெடுக்க அதுதான் அழகு. என் சிபாரிசு வேறு: முதலில் சர்க்கஸ் கட்டடங்களுக்குப் போங்கள். அங்கே இருக்கிற ரயில் வேலையைப் பார்த்துவிட்டு மாளிகைக்குப் போனால், அந்த மாளிகை எதிலிருந்து முளைத்தது என்று தெரியும்.

சர்க்கஸ் பகுதி இரண்டு கட்டடங்கள். பழையது 1948இல் தொடங்கப்பட்டது. 2006இல் திறந்த புதிய கட்டடத்தில்தான் நான் நகர மறுத்து நின்ற அந்தச் சிறிய மாதிரி அமைப்பு இருக்கிறது. 3,800 சதுர அடியில் ஒரு முழு சர்க்கஸ், அப்படியே சின்னதாக. ஒரு அடிக்கு முக்கால் அங்குலம் என்ற அளவு. ஹோவர்டு டிப்பல்ஸ் என்ற ஒரே மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்தது. 42,000க்கும் மேற்பட்ட உருப்படிகள்: எட்டு பெரிய கூடாரங்கள், 152 வண்டிகள், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், எண்ணூறுக்கு மேல் மிருகங்கள். 1919 முதல் 1938 வரை ரிங்லிங் சர்க்கஸ் இருந்த நிலைதான் இதற்கு முன்மாதிரி. ஆனால் கூடாரத்தில் 'ஹோவர்டு பிரதர்ஸ் சர்க்கஸ்' என்று எழுதியிருக்கும். ரிங்லிங் கம்பெனி தன் பெயரைப் பயன்படுத்த அனுமதி தராததால் டிப்பல்ஸ் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

பேத்தி யானை வரிசையில் நின்றுவிட்டாள். நான் ரயில் பக்கம். கூடாரமும் வித்தைக்காரர்களும் எந்தப் பொம்மைச் சர்க்கஸிலும் இருப்பார்கள். இந்த மனிதர் யார்டையும் சேர்த்துச் செய்திருக்கிறார். ரயில் வந்து நிற்கிறது, கூரையும் பக்கச் சுவரும் இல்லாத பிளாட் வேகன்களின் மேல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, கடைசி வேகனின் முனையில் சாய்தளம் போட்டிருக்கிறது, குதிரைகள் கயிற்றில் வண்டிகளை இழுக்கின்றன. இறக்கிய வண்டிகள் மைதானத்தை நோக்கிப் போகின்றன. பெரிய கூடாரத்துக்கு 7,000 மடக்கு நாற்காலிகள் செய்து வைத்திருக்கிறார். சாப்பாட்டுக் கூடாரத்தில் மேசைக்கு மேசை தட்டுகள். இவையெல்லாம் பார்வைக்கு மட்டும் செய்யப்பட்டவை அல்ல. மடக்கி, கட்டி, அந்தந்த வண்டியில் அடுக்கி, வண்டிகளை ரயிலில் ஏற்றிவிடலாம். நிஜ சர்க்கஸில் எந்தப் பொருள் எந்த வண்டியில் போனதோ, அதே கணக்கு இங்கேயும். இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார்டில் வேலை பார்த்தவர்கள் யாராயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஏற்றுமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1870களுக்கு முன் அமெரிக்க சர்க்கஸ் பெரும்பாலும் குதிரை வண்டியில்தான் ஊர் ஊராகப் போனது. ஒரு இரவில் வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊரில்தான் அடுத்த காட்சி. சின்ன ஊரோ பெரிய ஊரோ, நிற்காமல் போக முடியாது. 1872இல் பார்னம் என்ற புகழ்பெற்ற முதலாளியின் சர்க்கஸ் ரயிலுக்கு மாறியது. பார்னமின் கூட்டாளி வில்லியம் கூப் இதில் முன்நின்றவர். பிளாட் வேகன்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தி, இடைவெளிகளில் இரும்புத் தகடுகளைப் பாலம்போல் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வண்டிகளை உருட்டிக்கொண்டே போகும் முறை வந்தது. பக்கவாட்டில் ஒவ்வொரு வண்டியாக ஏற்றினால் விடிந்துவிடும். முனையிலிருந்து ஏற்றினால், எந்த வண்டி முதலில் தரையில் இறங்க வேண்டுமோ அதற்கேற்றபடி முன்னிரவே வரிசை போட்டுவிடலாம். கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் லாரிகளைப் பிளாட் வேகன்களில் ஏற்றிக் கொண்டுபோகும் 'ரோரோ' சேவையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய ரோரோ இது. அதுவும் டீசல் லாரிக்குப் பதில் குதிரைகள்.

இந்த ஏற்பாட்டின் உச்சத்தைத் தொட்டவர்கள் ரிங்லிங் சகோதரர்கள். 1920களில் அவர்களுடைய சர்க்கஸ் ஏறக்குறைய நூறு பெட்டிகளில், நான்கு தனித்தனி ரயில்களாகப் பயணம் செய்தது. முதல் ரயிலுக்கு 'பறக்கும் படை' என்று பெயர். சமையலும் மிருகக்காட்சியும் அதில் போய்விடும். ஊர் கண் விழிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மதியம் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. இரவுக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மிருகக்காட்சிக் கூடாரத்தைப் பிரித்து ரயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மைதானத்தில் வைக்கோலும் மரத்தூளும்தான் மிச்சம். மறுநாள் காலை இன்னொரு ஊர். மழை பெய்தால் சேற்றில் புதைந்த வண்டிகளை யானைகள் நெற்றியால் முட்டித் தள்ளும். பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸ் ஐரோப்பா போனபோது, ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் வித்தையை விட்டுவிட்டு ரயிலில் ஏற்றி இறக்குவதையும் சமையல் கூடாரத்தையும் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள் என்பது சர்க்கஸ் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அவர்கள் பார்த்த இடம் சரியான இடம்.

இனி ஜான். 1866இல் ஐயோவாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெக்கிரகர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குதிரைச் சேணம் தைத்தவர். ஏழு பையன்கள், ஒரு பெண். பையன்களில் ஐந்து பேர் சேர்ந்து 1882இல் பாட்டும் நகைச்சுவையுமாக ஒரு சின்னக் குழு தொடங்கினார்கள். 1884இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூவில் முதல் சர்க்கஸ். ஜான் அதில் கோமாளி வேஷம் கட்டியவர். 1890இல் வண்டிகளை விட்டு 18 பெட்டிகளோடு ரயிலுக்கு மாறினார்கள். வேலையைப் பங்கு பிரித்ததில்தான் இந்தக் குடும்பத்தின் பலம் இருந்தது. மூத்தவர் ஆல் வித்தைக்காரர்களைக் கவனித்தார். ஓட்டோ பணக் கணக்கு. ஆல்ஃப் பத்திரிகை. சார்லஸ் விளம்பரம். ஜானுக்கு வழித்தடம். எந்த ஊருக்கு எந்த நாளில் போவது, எந்த ரயில் கம்பெனியோடு என்ன கூலி பேசுவது, எந்த ஜங்ஷனில் லைன் மாறுவது, எந்த வட்டாரத்தில் அறுவடை முடிந்து விவசாயியின் கையில் காசு இருக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. நம் பாஷையில் அவர் ஒரு டிராஃபிக் ஆள். வேஷம் கலைத்துவிட்டு டைம்டேபிளைக் கையில் எடுத்த நாளில்தான் அவர் பெரிய மனிதர் ஆனார் என்பது என் எண்ணம்.

அந்த வழித்தடக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒரு ஊர் போதும். கான்சாஸ் மாநிலத்தில் கான்கார்டியா. சின்ன ஊர்தான். 1924 செப்டம்பர் 13 அன்று அங்கே ஒரே காட்சிக்கு 16,702 பேர் கூடாரத்துக்குள் இருந்தார்கள். கூடாரச் சர்க்கஸில் இது உலக சாதனை. சுற்றியிருந்த வட்டாரமே அங்கே வந்து இறங்கியது. அந்த இடத்தையும் அந்த நாளையும் பொருத்தி வைப்பதுதான் ஜானின் வித்தை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே விளம்பரக் கோச் அந்தப் பக்கம் போய், சுவர், கொட்டகை, வேலி என்று பார்த்த இடத்திலெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும். அந்தப் போஸ்டர்கள் இந்தக் கட்டடத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஊர் பெயரும் தேதியும் இருக்கிற கீழ்த் துண்டையும் கவனியுங்கள். நான் புலியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

இன்னொரு நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் சர்க்கஸோடு ஜேப்படிக்காரர்களும், சில்லறையைக் குறைத்துக் கொடுக்கும் டிக்கெட் ஆட்களும் சேர்ந்தே வருவார்கள். சில முதலாளிகள் அதிலும் பங்கு வாங்கினார்கள். ரிங்லிங் சகோதரர்கள் அதை அடியோடு ஒழித்தார்கள். தேவாலயத்தில் குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லித்தரும் வகுப்பை வைத்து, 'ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடச் சர்க்கஸ்' என்று தொழிலில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அதே ஊருக்கு அடுத்த வருஷமும் போகிற எண்ணம் உள்ளவன்தான் அப்படி நடந்துகொள்வான். 1906இல் பார்னமின் பிற்காலக் கூட்டாளி பெய்லி இறந்தார். 1907இல் பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸையே இவர்கள் வாங்கினார்கள். இரண்டையும் தனித்தனி வட்டாரங்களில் ஓட்டிவிட்டு, 1919இல் ஒன்றாக்கினார்கள்.

பழைய கட்டடத்தில் தங்க முலாம் பூசிய ஊர்வல வண்டிகளும், மனிதனையே குண்டாகச் சுடும் ஸக்கினி குடும்பத்தின் பீரங்கி லாரியும் இருக்கின்றன. குழந்தைகள் பீரங்கியை விட்டு வரமாட்டார்கள். அதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் பொக்கிஷம்: 'விஸ்கான்சின்' என்று பெயரிட்ட, ஜானும் அவர் மனைவி மேபிளும் பயணம் செய்த தனி ரயில் பெட்டி. 1905இல் புல்மன் கம்பெனி கட்டியது. அவர்கள் கல்யாணமும் அந்த வருஷம்தான். நம் ரயில்வேயில் பெரிய அதிகாரிகளுக்கு இருந்த சலூன் கோச்சை உள்ளே பார்த்தவர்களுக்கு அமைப்பு புரியும்: கடைசியில் கண்ணாடி ஜன்னல் வைத்த முன்னறை, படுக்கை அறைகள், சாப்பாட்டு மேசை, சமையலறை, பணியாளுக்கு இடம். ஆனால் மரவேலையும் பொன்வரியும் வண்ணக் கண்ணாடியும் எந்த ஜெனரல் மேனேஜரும் கண்டிராதவை. மிக நேர்த்தியாகப் புதுப்பித்திருக்கிறார்கள். மாளிகை கட்டும் முன்னால் பல வருஷம் இவருக்கு வீடு என்றால் பாதி இதுதான். இந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் இவர் ரயில் கம்பெனிக்காரர்களோடும் வங்கிக்காரர்களோடும் பேசியிருப்பார். வித்தையைப் பார்க்க வந்தவன் முன்னால் அவர் நின்றதில்லை. தண்டவாளத்தை வைத்திருந்தவன் முன்னால் ராஜாவாக இருந்தார்.

மாளிகையைப் பற்றி நீங்கள் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், நான் சுருக்கிக்கொள்கிறேன். 'கா த்ஸான்' என்று பெயர். 1924 முதல் 1926 வரை கட்டினார்கள். 56 அறைகள், வெனிஸ் அரண்மனைச் சாயல், 15 லட்சம் டாலர் செலவு. கூரை ஓடுகள் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த பழைய ஓடுகள். ஜானின் குளியல் தொட்டி ஒரே மஞ்சள் பளிங்குக் கல்லில் குடைந்தது. விரிகுடாவைப் பார்த்த பளிங்குத் தளத்தில் நின்றால் காற்று நன்றாக வரும். 1927இல் சர்க்கஸின் குளிர்காலத் தங்குமிடத்தையும் அவர் இந்த ஊருக்கே மாற்றினார். அதற்கு முன்பே, சாதாரண மீன்பிடி ஊராக இருந்த சரசோட்டாவில் தீவுகளை வாங்கி, பாலம் போட்டு, மனை பிரித்து விற்றார். தரைத்தளத்தை நாமே சுற்றிப் பார்க்கலாம். மேல்தளத்துக்கு வழிகாட்டியோடு போகும் சுற்றுக்குத் தனி டிக்கெட். அதை வாங்குங்கள், நமக்கு வந்த வழிகாட்டி அம்மா அவ்வளவு ஈடுபாட்டோடு பேசினார்.

மேபிள் அந்த வீட்டில் மூன்று வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. 1929 ஜூனில் இறந்துபோனார். ஜானின் தொழிலும் அந்த வருஷத்தில்தான் சரிந்தது. அதற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில்தான் ஆண்டுதோறும் ரிங்லிங் சர்க்கஸின் பருவம் தொடங்கும். அரங்க நிர்வாகம் வெள்ளிக்கிழமை இரவுகளை குத்துச்சண்டைக்குக் கேட்டது. ஜான் விட்டுக்கொடுக்கவில்லை. அரங்கம் அந்த இடத்தைப் போட்டிக் கம்பெனியான அமெரிக்கன் சர்க்கஸ் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. ஜான் அந்தக் கம்பெனியையே, அதன் ஐந்து சர்க்கஸ்களோடு சேர்த்து, சுமார் 17 லட்சம் டாலர் கடனில் வாங்கிவிட்டார். மாதம் செப்டம்பர், 1929. அடுத்த மாதம் பங்குச் சந்தை விழுந்தது. ரசிகன் கையில் காசில்லை, கடனுக்குத் தவணை நிற்கவில்லை, 1932இல் சர்க்கஸின் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. நாற்பது வருஷம் நாட்களையும் ஊர்களையும் அவ்வளவு திறமையாகப் பொருத்திய ஒருவர், ஒரு இரவை விடமாட்டேன் என்று நின்றதில் எல்லாவற்றையும் இழந்தார். யார்டில் ஒரு லைனுக்காகப் பிடிவாதம் பிடித்து முழு செக்‌ஷனையும் நிறுத்திவைத்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்டபோது அந்த முகங்கள் வந்தன. ஆனால் ஜான் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் தம்பிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1926இல் சார்லஸும் போன பிறகு, 'வேண்டாம்டா' என்று கையைப் பிடிக்கச் சமமான ஆள் ஒருவரும் இல்லை.

1936 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் இறந்தபோது அவர் வங்கிக் கணக்கில் இருந்தது 311 டாலர். ஆனால் கடன்காரர்கள் நெருக்கியபோதும் ஓவியங்களை அவர் விற்றுத் தீர்க்கவில்லை. அதனால்தான் கலைக்கூடம் இன்று இருக்கிறது. ரூபன்ஸ் என்ற பழைய ஐரோப்பிய ஓவியரின் மாபெரும் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம். ஒவ்வொன்றும் சுவர் உயரம். எனக்கு ஓவியம் தெரியாத துறை. அந்த அளவில் துணியைச் சுருட்டி, கப்பலேற்றி, சேதமில்லாமல் கொண்டுவந்து மாட்டியதற்குப் பின்னால் கூடாரத் துணியைச் சுருட்டிப் பழகிய கைகள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உயில் வழக்கு பத்து வருஷம் நடந்து, 1946இல்தான் மாநிலத்தின் கைக்கு எல்லாம் வந்தது.

யானைகளைப் பற்றி என் மகள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ரயிலில் சங்கிலியோடு ஆண்டுக்கணக்காகப் போய்வந்த மிருகங்களின் வாழ்க்கையை அழகு என்று நான் சொல்லமாட்டேன். 2016இல் ரிங்லிங் சர்க்கஸ் யானைகளை நிறுத்தியது, 2017இல் சர்க்கஸையே மூடியது, 2023இல் மிருகங்களே இல்லாமல் மீண்டும் வந்தது. அது சரியான முடிவு. மனிதர்களையும் மறக்கக்கூடாது. கூடார ஆணியைச் சுற்றி நின்று மாற்றி மாற்றிச் சம்மட்டி அடித்தவர்கள், மூன்று மணிக்கு எழுந்தவர்கள், இரண்டு பேருக்கு ஒரு படுக்கை என்று ரயிலில் தூங்கியவர்கள். 1938இல் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டனில் அந்தப் பருவமே நின்றது. டிப்பல்ஸின் மாதிரியில் கூடாரத்துக்குள் இருப்பவர்களைப் போலவே வெளியே வேலை செய்பவர்களுக்கும் முகமும் உடையும் கொடுத்திருக்கிறார். துணி துவைக்கிறவன்கூட இருக்கிறான், தேடிப் பாருங்கள்.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். திங்கட்கிழமை கலைக்கூடத்துக்கு மட்டும் இலவசம். வாரத்தில் ஒரு நாள் மக்களுக்கு இலவசமாகத் திறக்க வேண்டும் என்பது ஜானின் விருப்பம். சர்க்கஸ் கட்டடங்களுக்கும் மாளிகைக்கும் அன்றும் டிக்கெட் உண்டு, டிக்கெட் மலிவும் இல்லை. ஆகவே திங்கட்கிழமையை நம்பி மட்டும் போகாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வளாகத்துக்குள் சின்ன வண்டி ஓடுகிறது, கூச்சப்படாமல் கை காட்டுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்தான் ஓயும். சர்க்கஸ் முதலில், அரை நாள் முழுதாக அதற்கு. பிறகு மாளிகைக்குப் போகும் வழியில் பெரிய பெரிய ஆலமரங்கள், விழுது ஊன்றி நம் ஊர்க் குளக்கரை மரங்களைப் போலவே நிற்கின்றன. எடிசன் கொடுத்த கன்றுகள் என்கிறார்கள். அந்த நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். ரோஜாத் தோட்டம் மேபிள் 1913இல் போட்டது, மாளிகைக்கும் முந்தியது. ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். ரயில்வே குடும்பத்துக்காரர்கள் யாராவது புளோரிடா பக்கம் வந்தால், ஆர்லாண்டோவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது இங்கே வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.